நகல் பெறுவோர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆதிலட்சுமி தன் முதலாளி தென்றலுக்கு மெயிலில் ஒரு கடிதம் அனுப்பினாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. "பொருள்: நாற்காலியின் சக்கரம் ஒன்று உடைந்துள்ளது தொடர்பாக" என்று தொடங்கி, மேற்படி நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவதில் உள்ள சிரமங்களை எடுத்துச் சொல்லி, தாங்கள் உடனடியாகத் தலையிட்டு ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொண்டு, அடியில் "நகல்" என்று போட்டு ஆபீசில் இருந்த இன்னொரு ஆளான இளவரசனுக்கும் அனுப்பியிருந்தாள். இத்தனைக்கும் தென்றல் உட்கார்ந்திருந்தது அடுத்த மேஜையில். கழுத்தைத் திருப்பி "நாற்காலி சரியில்லைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம் அது.

தென்றல் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். எதிர்மேஜை இளவரசனுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. காலேஜ் முடித்து நேராக வந்து உட்கார்ந்த பையன், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் ஒரு நகல் போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே நாற்காலி வந்திருக்கும்."

"இப்பவே வேணாம்னு பாத்தேன் தம்பி. மொதல்ல கீழ்மட்டத்துல கேக்கணும். நடக்கலைன்னாதான் மேல போவணும்" என்றாள் ஆதிலட்சுமி. அவள் கேலி செய்யவில்லை, முழு மனதோடுதான் சொன்னாள்.

அவளை என்ன குற்றம் சொல்ல முடியும்? வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, புங்க மரத்தடியில் மேஜை போட்டு, லேப்டாப்பும் சின்ன பிரிண்டருமாக வருஷக் கணக்கில் மனு எழுதியவள். திங்கட்கிழமை மனுநாள் என்றால் விடிகாலையிலேயே ஜனம் வந்து வரிசை கட்டிவிடும். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு, ஓடிப்போன மருமகன் என்று உலகத்தில் உள்ள அத்தனை கஷ்டமும் அவள் மேஜைக்கு வந்துதான் போகும். வந்து உட்கார்ந்து அழுகிறவர்களிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "நடந்ததெல்லாம் அப்புறம் சொல்லுங்க. உங்களுக்கு என்னா வேணும், அதை மொதல்ல சொல்லுங்க." அதைத் தெரிந்துகொண்டால் மனு தானாக வந்துவிடும். கடைசியில் நகல் பட்டியல். அதில் அவள் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. எந்த ஊர் ஆபீசாக இருந்தால் என்ன, ஒரே ஒருவருக்குப் போட்ட மனு தூங்கிவிடும், நாலு பேருக்குப் போட்டால்தான் நகரும் என்பது அவளுடைய தீர்மானம்.

அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கிளம்பியது ஒரு கல்லூரிப் பெண்ணால். உதவித்தொகை மனுவுக்காக வந்த அந்தப் பெண், ஆதிலட்சுமி ஒரே மாதிரி மனுவைத் திரும்பத் திரும்ப அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "இப்படித் தாங்கக்கா" என்று லேப்டாப்பை வாங்கி என்னவோ நாலைந்து வரி எழுதினாள். "இனிமே பேரும் ஊரும் மட்டும் போடுங்க. மிச்சத்தை அதுவே அடிச்சிக்கும்." அதுவே அடித்துக்கொண்டது. ஆதிலட்சுமிக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷமாக விரல் தேய அடித்துக்கொண்டிருக்கிறேன், இது எனக்கு ஏன் யாருமே சொல்லவில்லை என்று அன்று முழுக்கக் கடுகடுவென்று இருந்தாள். மறுநாள் கோபம் போய், அந்த நாலைந்து வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

படித்தது அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு. வயது நாற்பதை எட்டிவிட்டது. இங்கிலீஷ் என்றால் பயம். ஆனாலும் போனில் வீடியோ பார்த்து, புரியாததை மறுபடி பார்த்து, குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து எழுதிக் கற்றுக்கொண்டாள். எத்தனை நாள் சாம்பார் தீய்ந்தது என்று அவள் கணவன் மணியைக் கேட்க வேண்டும். கேட்டாலும் அவன் சொல்ல மாட்டான். பஸ் ஸ்டாண்டுக்கும் செங்கம் ரோட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். ரமணாசிரமத்தில் இறங்க வேண்டியவர்களுக்கு வழி நெடுகத் தன் மனைவி புரோகிராம் படிக்கிற கதையைச் சொல்லி, சில பேரை ஆசிரமம் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டதும் உண்டு. மணிக்குச் சந்தோஷம் வந்தாலும் மிளகாய் பஜ்ஜி வாங்குவான், துக்கம் வந்தாலும் மிளகாய் பஜ்ஜி வாங்குவான். பொட்டலத்தைப் பிரிக்கிற விதத்தை வைத்துத்தான் இன்றைக்கு எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தென்றல் சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வேங்கிக்காலில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் சின்னதாக ஆபீஸ் போட்டவள். விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற ஆபீஸ். ஆதிலட்சுமியைவிடப் பத்து வயது சின்னவள். கரண்ட் இணைப்புக்கு மனு எழுத அவள் ஒருநாள் மரத்தடிக்கு வந்தபோது, ஆதிலட்சுமி அடித்துக்கொண்டே வாய்விட்டு வேலை கேட்டுவிட்டாள். தென்றல் அவள் எழுதி வைத்திருந்த சின்னச் சின்ன புரோகிராம்களை வாங்கிப் பார்த்தாள்.

"மூணு மாசம் வாங்கக்கா. உங்களுக்கு ஒத்து வருதா, எனக்கு ஒத்து வருதான்னு பாப்போம். அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

மூன்று மாதம் என்பது கேட்பதற்குச் சுலபம். ஆனால் மரத்தடியிலிருந்து எழுந்து போனால் இடம் போய்விடும். ஆதிலட்சுமி கிளம்பிய வாரமே வல்லரசு என்கிறவன் தன் மேஜையைக் கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டான். இந்த வேலையும் இல்லை என்றால் அவளுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் கிடையாது. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் அந்த வழியாக வரும்போதெல்லாம் புங்க மரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. தப்பாக எழுதினால் கம்ப்யூட்டர் முகம் சுளிக்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை. இந்த வரியில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டியது. இப்படி ஒரு மரியாதையை அவள் எங்கேயும் கண்டதில்லை. எழுதியது ஓடிவிட்டால் தனியாகச் சிரித்துக்கொள்வாள். தென்றலை முதலில் "மேடம்" என்றாள். "மேடம்லாம் வேணாங்கக்கா" என்று சொன்ன பிறகு பேர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வராமல், "ஏங்க", "பாருங்க" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மாதம் முடியப் போகிற நேரத்தில் அந்த வேலை வந்தது. ரமணாசிரமத்துப் பக்கம் வேடியப்பன் என்பவருக்கு வள்ளி இல்லம் என்று ஒரு தங்கும் விடுதி இருந்தது. அடி அண்ணாமலையில் பரம்பரையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். ரோட்டோரம் இருந்த நிலத்தில் அறைகள் கட்டி, மகள் வள்ளியின் பேரை வைத்து, அவளையே பார்த்துக்கொள்ளவும் விட்டிருந்தார். அங்கே அறை பதிவு செய்கிற சாஃப்ட்வேர் தென்றல் செய்து கொடுத்தது. கார்த்திகை தீபத்துக்கான முன்பதிவு திறக்கப் போகிறது. பதிவு ஏதாவது தவறிப்போனால் உடனே மெயில் போகிற மாதிரி ஒன்று சேர்க்க வேண்டும். ஆதிலட்சுமி தனியாகச் செய்யப் போகிற முதல் வேலை அதுதான்.

"மெயில் யாருக்குங்க போவணும்?" என்று கேட்டாள்.

தென்றல் அப்போது யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "யாருக்கெல்லாம் தெரியணுமோ அவங்களுக்குப் போட்டுடுங்கக்கா" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை ஆதிலட்சுமியிடம் சொல்லலாமா? உட்கார்ந்து யோசித்தாள். ஆபீசில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். விடுதியைப் பார்த்துக்கொள்கிற வள்ளிக்குத் தெரிய வேண்டும். வள்ளி கவனிக்காமல் விட்டால்? அதனால் வேடியப்பனுக்கும். அப்புறம், பாதிக்கப்பட்டவரை விட்டுவிட்டு என்ன மனு? அறை கேட்டு வந்த விருந்தினருக்குத்தான் முதலில் போக வேண்டும். இளவரசன் வந்து "மெயில் போவுதாக்கா?" என்று கேட்டான். "போவுது தம்பி." "அப்ப சரி" என்று அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். யாருக்குப் போகிறது என்று அவன் பார்க்கவில்லை.

முன்பதிவு திறந்த அன்று காலை டீ வந்துகொண்டிருந்தது. தென்றலின் போன் டிங் என்றது. அதே நொடியில் இளவரசனின் போனும் டிங் என்றது. ஆதிலட்சுமியின் போனும். டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் மறுபடி மூன்றும் சேர்ந்து டிங் என்றன. அப்புறம் தகரக் கொட்டகையில் மழை விழுகிற மாதிரி விடாமல் டிங் டிங் என்று விழ ஆரம்பித்தது. தென்றல் ஒரு மெயிலைத் திறந்தாள்.

"பொருள்: முன்பதிவு பதிவாகாதது தொடர்பாக. ஐயா / அம்மா, வணக்கம். தாங்கள் வள்ளி இல்லத்தில் அறை வேண்டி அனுப்பிய விவரங்கள் பதிவாகவில்லை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம். தவறு தங்களுடையதன்று. மென்பொருளை எழுதிய எங்களுடையதே ஆகும். உரியவர்கள் உடனடி நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் வேண்டப்படுகிறார்கள். நகல்..."

நகல் பட்டியலைப் படித்தபோது தென்றலின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குள் போன் அடித்தது. வேடியப்பன், வேர்க்கடலைக் காட்டில் இருந்து.

"பாப்பா, என் போனுக்கு இன்னா ஆச்சு? காலையில இருந்து கத்தினே இருக்குது. மாடு மிரளுது."

அவர் போனை வைப்பதற்குள் வள்ளி கூப்பிட்டாள். அவள் பேசியதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. விருந்தினர்கள் ஆள் மாற்றி ஆள் அவளைக் கூப்பிட்டு, உங்கள் சாஃப்ட்வேர்க்காரர்களே தப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று பிடித்துக்கொண்டார்களாம். தென்றல் மன்னிப்புக் கேட்டாள், மறுபடி கேட்டாள், போனை வைத்தாள். மெயில் போவதை நிறுத்தினாள். ஏன் இத்தனை பதிவு தவறியது என்று பார்க்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. ஆபீஸ் அமைதியானது.

"அக்கா. கெஸ்டுக்குமா அனுப்பினீங்க?"

"ஆமாங்க. பாதிக்கப்பட்டவங்க அவங்கதான."

"ஓனருக்கு?"

"ஒருத்தருக்கு மட்டும் போட்டா தூங்கிடும்ங்க" என்றாள் ஆதிலட்சுமி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போனது.

"நம்ம வேலையில தப்பு வந்தா நமக்குள்ள பாத்துத் திருத்தணும்கா. ஊரையே கூட்டிட்டீங்க." தென்றல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது ஆதிலட்சுமிக்கு. "வெள்ளிக்கிழமையோட மூணு மாசம் முடியுது இல்ல? பேசுவோம். இப்ப என்னால எதுவும் யோசிக்க முடியல."

ஆதிலட்சுமி அந்த நகல் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பேராகப் படித்தாள். சாயங்காலம் வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சக்கரம் உடைந்த நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இளவரசன் கேலி பேசவில்லை.

வீட்டில் மணி பஜ்ஜிப் பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தான். துக்கப் பொட்டலம். அவள் முகத்தைப் பார்த்தவுடனேயே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய் வாங்கி வந்திருந்தான். அவள் வேண்டாம் என்றாள். நடந்ததைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தியே. உனக்கு ஒன்னு எழுதிக்க. நீ எழுதினா கல்லும் கரையும்."

சரி என்று உட்கார்ந்தாள். அனுப்புநர் என்று போட்டுத் தன் பேரை அடித்தாள். பெறுநர், தென்றல். பொருள் என்று போட்டுவிட்டு நிறுத்தினாள். விரல் நகரவில்லை. எத்தனையோ பேருடைய பொருளைக் கேட்ட மாத்திரத்தில் எழுதியவளுக்குத் தன்னுடையதை எழுத வரவில்லை. மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் எல்லாரையும் கேட்கிற கேள்வியை அவளிடமே கேட்டான்.

"நடந்ததை விடு. உனக்கு இன்னா வேணும், அதைச் சொல்லு."

"எனக்கு அந்த வேலை வேணும்ங்க" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "சம்பளத்துக்கு சொல்லல. மரத்தடியில மத்தவங்க கஷ்டத்தை எழுதுவேன், அது எங்க போச்சு, நடந்துதா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. இங்க நான் எழுதினா அது என் கண்ணு முன்னால ஓடுது. தப்பா இருந்தா திருத்திக்கலாம். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. இந்த வயசுல எனக்கு ஒன்னு இப்படிப் புடிக்கும்னு நான் நெனக்கவே இல்ல."

"தெரியும்" என்றான் மணி. "அந்தப் பொட்டியாண்ட பேசிக்கினு நீ சிரிக்கறதைப் பாத்துனுதான இருக்கறேன். கல்யாணமான புதுசுல கூட என்னைப் பாத்து அப்படிச் சிரிக்கல நீ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது. மனுவை அழித்துவிட்டாள். கேட்பதாக இருந்தால் வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மறுநாள் அவள் ஆபீஸ் படியேறியபோது வேடியப்பன் வந்து உட்கார்ந்திருந்தார். அதுவும் அவளுடைய நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. துண்டைத் தோளில் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தென்றல் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவுதான், கணக்கு முடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஆதிலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாம்மா, நீதான் அந்த லெட்டர் போட்டவளா? உக்காரு" என்றார். உட்கார இடத்தை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் சண்டைக்கு வரல. ஒன்னு கேக்கலாம்னு வந்தேன். நேத்து சாயங்காலம் பொண்ணை உக்கார வெச்சி எல்லா லெட்டரையும் படிக்கச் சொன்னேன். கே. ஏழுமலைன்றா. ஆர். சாவித்திரின்றா. டி. குப்பம்மாள்ன்றா. ஒரு வெள்ளக்காரன் பேரு கூட இல்ல. எல்லாம் நம்ம ஜனங்க."

அவர் போனை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷமா இந்த கம்ப்யூட்டர்ல பதிவு நடக்குது. வர்றவங்க பூரா வெளிநாட்டுக்காரங்க. நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. நம்ம ஜனங்களுக்கு என் இடம் புடிக்கலையோன்னு நெனச்சினு இருந்தேன் பாப்பா. சாப்பாடு சரியில்லையோன்னு சமையலுக்கு ஆளை மாத்தினேன். சுவத்துக்கு வேற பெயிண்ட் அடிச்சேன். அவங்க வரத்தான் பாத்திருக்காங்க, நம்மதான் சேத்துக்கல போலிருக்குது. எதனால?"

தென்றல் தன் மேஜைக்குப் போய் வள்ளி இல்லத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். பெயர் என்று இருந்த கட்டத்தில் தென்றல் என்று அடித்தாள். குடும்பப் பெயர் என்று இருந்த கட்டத்தில் தன் இனிஷியல் கே என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்தைப் போட்டாள். அனுப்பினாள். பக்கம் ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ வெளிநாட்டில் செய்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துக் கொஞ்சம் மாற்றித்தான் அவள் இதைச் செய்திருந்தாள். குடும்பப் பெயர் என்றால் குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி எங்கேயோ கிடந்திருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேரைப் போட்டுப் பார்த்தாள், சரியாக ஓடியது. இனிஷியலோடு வந்த அத்தனை பேரையும் அது சத்தமில்லாமல் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது.

"நான் எழுதின பக்கம் என் பேரையே ஏத்துக்கல" என்றாள் தென்றல். அவள் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு வருஷமா இப்படி இருந்திருக்கு. மன்னிச்சிடுங்க ஐயா."

ஆதிலட்சுமி இதற்குள் அவள் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். கையை அவள் தோளில் வைத்தாள்.

"அட, அதுக்கு எதுக்கும்மா அழுவற. திருத்துங்க. நான் கீழ போயி டீ குடிச்சிட்டு வரேன்" என்று வேடியப்பன் எழுந்தார். நாற்காலி ஒரு பக்கம் சரிந்து, அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல இந்த நாற்காலியைத் திருத்துங்க."

தென்றல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விலகினாள். "அக்கா, நீங்க திருத்துங்க."

"நானா?"

"நீங்கதான். நேத்து நான் கத்துனதுக்கு..."

"நீங்க கத்தலைங்க. அதான் பயமா இருந்துது."

திருத்த வேண்டியது ஒரே ஓர் எண். இரண்டு என்று இருந்ததை ஒன்று என்று மாற்ற வேண்டும். ஆதிலட்சுமி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த வரியைத் தேடிப் பிடித்து, மாற்றி, ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, ஓட விட்டாள். யார் பேரைப் போட்டுச் சோதிப்பது என்று யோசிக்கவே இல்லை. பெயர், மணி. இனிஷியல், எம். அனுப்பினாள். பதிவாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. இளவரசன் பின்னால் இருந்து, "மாமாவுக்கு தீபத்துக்கு ரூம் கெடச்சிடுச்சி" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். நேற்றிலிருந்து அந்த ஆபீசில் யாரும் சிரித்திருக்கவில்லை.

அப்புறம் மெயில் விவகாரம். தவறு வந்தால் ஆபீசுக்கு மட்டும் விவரம் போகிற மாதிரி ஆதிலட்சுமி மாற்றினாள். தன் தப்பு அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"ஓனரை எடுத்துட்டேங்க. வள்ளியையும் எடுத்துட்டேன். ரூம் கேட்டவங்களை மட்டும் எடுக்க மனசு வரல. அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும் இல்ல?"

தென்றல் அந்த மெயிலை மறுபடி படித்தாள். "சரி, அவங்களுக்குப் போகட்டும். ஆனா ரெண்டு பணிவன்புடன் இருக்குதுக்கா. ஒன்னு போதும்."

டீ குடித்துவிட்டுப் படியேறி வந்த வேடியப்பன், "என்னை எதுக்கு எடுக்கற? மாடு பழகிக்கும். எனக்கும் வரட்டும்" என்றார்.

அன்று முழுக்க ஆதிலட்சுமி ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். கே. ஏழுமலைக்கு அறை கிடைத்தது. ஆர். சாவித்திரி முதலில் கோபப்பட்டு, பிறகு தன் முழங்கால் வலியைப் பற்றி நெடுநேரம் பேசினார். டி. குப்பம்மாள் தரைதளத்தில் வேண்டும் என்றார், அதுவும் கிடைத்தது. வேலை மும்முரத்தில் ஆதிலட்சுமிக்கு வெள்ளிக்கிழமை மறந்தே போயிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் புங்க மரத்தைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் தென்றல் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதும் சொல்லவில்லை. அவளும் இளவரசனும் எதையோ குசுகுசுவென்று பேசிக்கொள்வதும், இவள் நிமிர்ந்தால் நிறுத்துவதுமாக இருந்தார்கள். ஆதிலட்சுமி தன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் சின்னப் பிள்ளையார் படத்தையும் பைக்குள் போடலாமா என்று யோசித்தாள். போட்டால் தானே கிளம்பிவிட்டதுபோல் ஆகிவிடும் என்று அப்படியே விட்டாள். வாயால் கேட்டுவிடலாம் என்று திரும்பினால், தென்றல் தலையைக் குனிந்துகொண்டு எதையோ மிகவும் கஷ்டப்பட்டு அடித்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ ஆரம்பித்தபோது ஆதிலட்சுமியின் போன் டிங் என்றது.

"அனுப்புநர்: கே. தென்றல்.

பெறுநர்: ம. ஆதிலட்சுமி, அடுத்த மேஜை.

பொருள்: தங்களை எங்களோடு வைத்துக்கொள்வது தொடர்பாக.

பார்வை: உடைந்த நாற்காலி குறித்த தங்கள் கடிதம்.

அக்கா, வணக்கம். மூன்று மாதம் முடிந்துவிட்டது. எனக்கு ஒத்து வந்தது. தங்களுக்கும் ஒத்து வந்தால் திங்கட்கிழமை முதல் நிரந்தரமாக வருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பார்வையில் கண்ட நாற்காலி மாற்றப்படும். இவ்வளவு நாள் தாமதித்ததற்கு வருந்துகிறேன்.

நகல்: இளவரசன். வேடியப்பன், வள்ளி இல்லம். மணி, ஷேர் ஆட்டோ, செங்கம் ரோடு (தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்)."

ஆதிலட்சுமி ஒருமுறை படித்தாள். மறுபடி படிக்கப் பார்த்தாள், எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. பதில் போட வேண்டும் என்று விரலை வைத்தாள். பழக்கதோஷம், அனுப்புநர் என்று அடித்தாள். அதற்குமேல் ஓடவில்லை.

அப்போது ஆபீசில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக டிங் என்றன. இளவரசன்தான் முதலில் எடுத்தான்.

"மாமா பதில் போட்டிருக்காரு. எல்லாருக்கும்னு இருக்கறதை அழுத்திட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். "லட்சுமி, பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். லெட்டரைப் படிச்சிட்டேன். கண்ணு மறைச்சிக்கிச்சி, வண்டி ஓட்ட முடியல. ஏறினவங்களை வேற வண்டிக்கு மாத்தி உட்டுட்டேன். பஜ்ஜி வாங்கினு நேரா உன் ஆபீசுக்கு வரேன். நீ அழுவாத. நான்..."

அவன் நிறுத்திவிட்டான். சிரிப்பு போய்விட்டது. தென்றல் தன் போனில் மிச்சத்தைப் படித்தாள். "நான் அழுதுட்டேன்" என்று இருந்தது.

ஆதிலட்சுமி அனுப்புநர் என்று அடித்ததை அழித்தாள். சாய்ந்த நாற்காலியை இரண்டு காலாலும் உந்தி, கிறீச்சென்று அடுத்த மேஜைப் பக்கம் திருப்பினாள்.

"தென்றலு" என்றாள். அந்தப் பேரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "திங்கக்கிழமை வந்துடறேன்."

தென்றல் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி சரிந்து இரண்டு பேரும் விழப் பார்த்தார்கள், இளவரசன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். மறுபடி போன்கள் ஒன்றாக டிங் என்றன. இந்த முறை வேடியப்பன், அவரும் எல்லாருக்கும்தான் போட்டிருந்தார். "எனக்கு ரெண்டு பஜ்ஜி எடுத்து வைங்க. கெளம்பிட்டேன்."

கீழே மெடிக்கல் ஷாப் வாசலில் மணியின் ஆட்டோ ஹாரன் கேட்டது. ஆதிலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, சீட்டில் உட்கார்ந்தபடியே பொட்டலத்தைச் சரசரவென்று பிரித்துக்கொண்டிருந்தான்.